கின்னௌர் போகிறோம், ஸ்பிதியை விட்டுவிடலாமா?

மூன்றாம்படி:

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பர் கடைசியில் நானும் அம்மாவும் இமாச்சலம் போகிறோம். அம்மாவுக்கு 63 வயது. சர்க்கரை இருக்கிறது, ஆனால் நடைக்குக் குறைவில்லை. பழனிக்குப் போனால் இன்றைக்கும் படியேறித்தான் போவார். எனக்கு லீவு மொத்தம் 11 நாள். சண்டிகர் வரை விமானத்தில் போக டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

ஒரு டிராவல்ஸில் திட்டம் போட்டுத் தரச் சொன்னேன். சிம்லா ஒரு இரவு, சாங்லா ஒரு இரவு, கல்பா ஒரு இரவு, நாகோ வழியாக தாபோ, காசா இரண்டு இரவு, சந்திரதால் ஏரி, மணாலி என்று அனுப்பினார்கள். தினமும் 7 மணி நேரம் கார். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "இதில் எங்கேடி உட்காருவது?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

தாபோ, காசா எல்லாம் இருக்கும் ஸ்பிதியை விட்டுவிட்டு, சாங்லா, கல்பா இருக்கும் கின்னௌர் மாவட்டம் மட்டும் போய்விட்டுத் திரும்பினால் நஷ்டமா? பஸ்ஸிலேயே போக முடியுமா? போனவர்கள் சொல்லுங்கள்.

கிக்கர்350:

நாங்கள் நாலு பேர் பைக்கில் சிம்லா முதல் மணாலி வரை 6 நாளில் முடித்தோம். கின்னௌரில் ஒரு ராத்திரி போதும், அக்கா. சித்குலில் போட்டோ எடுத்துவிட்டு மேலே போய்க்கொண்டே இருக்கலாம். நிஜமான சமாச்சாரம் ஸ்பிதியில்தான் இருக்கிறது. குன்சும் கணவாய் 4,500 மீட்டருக்கு மேல். அதைப் பார்க்காமல் திரும்புவது திருப்பதி போய்விட்டு லட்டு வாங்காமல் வருகிற மாதிரி.

பழைய ஹெல்மெட்:

தம்பி, லட்டு வாங்கப் போய் சாமியை விட்டுவிடக் கூடாது.

நான் நாத்பா ஜாக்ரி நீர்மின் திட்டத்தின் சுரங்க வேலையில் சர்வேயராக ஐந்து வருஷம் அந்தப் பக்கம் இருந்தவன். ஓய்வு பெற்று மதுரையில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். கின்னௌர் மாவட்டம் 1960-ல் உருவானது. அதற்கு முன் மகாசு மாவட்டத்தில் சினி என்ற தாலுகா. பரப்பு 6,401 சதுர கிலோமீட்டர். மூன்றாம்படி முன்பொருமுறை தனக்குத் திண்டுக்கல் என்று சொன்ன ஞாபகம். ஏறத்தாழ உங்கள் மாவட்டத்தின் அளவுதான். திண்டுக்கல்லில் 21 லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள், அங்கே 2011 கணக்கெடுப்பில் 84,121 பேர். சதுர கிலோமீட்டருக்கு 13 பேர். அவர்களும் பரவலாக இல்லை. பள்ளத்தாக்குகளின் ஓரத்தில் எங்கே கொஞ்சம் மண் தங்கியிருக்கிறதோ அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். மீதி எல்லாம் பாறை, பனி, காடு.

சத்லஜ் ஆறுதான் மாவட்டத்தின் முதுகெலும்பு. திபெத்தில் ராட்சஸ்தால் ஏரிப் பக்கம் பிறந்து, ஷிப்கி கணவாய்க்குப் பக்கத்தில் இந்தியாவுக்குள் வருகிறது. காப் என்ற இடத்தில் ஸ்பிதி ஆறு வந்து சேரும். அப்புறம் கர்ச்சமில் பாஸ்பா ஆறு. சாங்லா, ரக்சம், சித்குல் எல்லாம் அந்த பாஸ்பா பள்ளத்தாக்கில் இருப்பவை. ரோடும் இந்த ஆற்றைப் பிடித்துக்கொண்டேதான் போகும், வேறு வழி கிடையாது. டல்ஹவுசி பிரபு காலத்தில், 1850-ல் ஆரம்பித்த இந்துஸ்தான் திபெத் பாதையின் தடம் அது. அந்தக் காலத்துக் கோவேறு கழுதைப் பாதை மேலே, இன்றைய நெடுஞ்சாலை கீழே.

பஸ்ஸில் போனால் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். ராம்பூர், ஜியோரி வரை வழக்கமான மலைப்பாதைதான். சௌரா தாண்டியதும் கின்னௌர். அங்கிருந்து தாராண்டா வரை பாறையைக் குடைந்து ரோடு போட்டிருக்கிறார்கள். தலைக்கு மேல் பாறை கூரை மாதிரி நிற்கும், கீழே எட்டிப் பார்த்தால் ஆறு நூல் மாதிரி. தாராண்டா மாதா கோவிலில் வண்டியை நிறுத்திக் கும்பிடாமல் எந்த டிரைவரும் போகமாட்டார். நான் சாமி கும்பிடாதவன், அங்கே மட்டும் இறங்கிவிடுவேன்.

வாங்டு வரை தேவதாரு மரக்காடு, மழை. மேலே போகப் போக மழை குறையும், மரம் குறையும். பூவுக்கு அப்பால் புல்லும் இல்லாத மொட்டைப் பாறை. (பூ என்பது ஊர்ப் பெயர், பூவே இல்லாத ஊர்.) கீழ்க் கின்னௌரில் மழைமேகம், மேல்கின்னௌரில் திபெத் வறட்சி. ஒரே மாவட்டத்தில், ஒரே நாளில், ஒரே பஸ் டிக்கெட்டில் இரண்டையும் பார்க்கலாம். இதில் ஒரு ராத்திரி போதுமாம்!

கிக்கர்350:

சார் மன்னிக்கணும். எங்களுக்கு லீவு அவ்வளவுதான் கிடைத்தது. 😅

கல்லும்மண்ணும்:

நான் நிலவியல் பாடம் எடுப்பவன். ஹெல்மெட் சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சத்லஜ் இமயமலையைவிடப் பழைய ஆறு. மலை உயர உயர ஆறு தன் வழியை விடாமல் அறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. அதனால்தான் அவ்வளவு ஆழமான பள்ளம், அவ்வளவு செங்குத்தான சுவர். பார்க்க அழகாக இருப்பதற்கும் கல் விழுவதற்கும் காரணம் ஒன்றேதான்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, தெரிந்துகொண்டு போக வேண்டும். 1975 ஜனவரி 19-ல் கின்னௌரில் 6.8 அளவில் நிலநடுக்கம் வந்தது. கௌரிக் சாங்கோ பிளவுக்கோட்டை ஒட்டியது. 2000 ஆகஸ்ட் முதல் தேதியை ஒட்டி சத்லஜில் திடீர் வெள்ளம், நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 2004-ல் திபெத்தில் பரேச்சு என்ற சிற்றாற்றை மலைச்சரிவு அடைத்து ஏரி உண்டானது. அது உடையும் என்று தெரிந்து ஆற்றங்கரை மக்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். 2005 ஜூன் 26-ல் உடைந்தே விட்டது. பாலங்கள் போயின, உயிர்கள் தப்பின.

2021 பலருக்கு நினைவிருக்கும். ஜூலை 25-ல் சாங்லா பக்கம் பட்சேரியில் மேலிருந்து உருண்டு வந்த பாறைகள் சுற்றுலா வேன் மேல் விழுந்து 9 பேர் இறந்தார்கள். அந்த வீடியோவில் ஒரு இரும்புப் பாலம் தீப்பெட்டி மாதிரி முறிந்து ஆற்றில் விழும். பதினேழே நாளில், ஆகஸ்ட் 11 அன்று, நிகுல்சரியில் மலைச்சரிவு. மாவட்டத் தலைநகரான ரெக்காங் பியோவிலிருந்து ஹரித்வார் போன அரசுப் பேருந்தும் அதில் மாட்டியது. 28 பேர் இறந்தார்கள்.

ஆகவே ஜூலை, ஆகஸ்ட் கூடாது. செப்டம்பர் கடைசி நல்ல தேர்வு. ஆனால் திட்டத்தில் இரண்டு நாளாவது காலியாக இருக்க வேண்டும். ரோடு அடைபட்டால் எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. விமான டிக்கெட்டைக் காட்டினால் மலை வழிவிடாது.

ஊசிஇலை:

இத்தனை சொன்னவர்கள் அணைகளை ஏன் விட்டுவிட்டீர்கள்? 1,500 மெகாவாட் நாத்பா ஜாக்ரி, 1,000 மெகாவாட் கர்ச்சம் வாங்டு, 300 மெகாவாட் பாஸ்பா, அதற்கு முன்பே பாபா நகர் பக்கம் நிலத்தடி மின்நிலையம். மலையை எலி வளை மாதிரி குடைந்துவிட்டு, கல் விழுகிறது என்றால்? 2021-ல் அங்கே இளைஞர்கள் 'நோ மீன்ஸ் நோ' என்று ஊர் ஊராகப் பேனர் கட்டியது ஜங்கி தோபன் பவாரி திட்டத்தை எதிர்த்துத்தான். ஹெல்மெட் சார், நீங்கள் குடைந்த சுரங்கத்துக்கும் இதில் பங்கு இருக்கிறதா இல்லையா?

பழைய ஹெல்மெட்:

கேட்கவேண்டிய கேள்விதான். நழுவப் போவதில்லை.

எங்கள் சுரங்கம் 27.4 கிலோமீட்டர் நீளம், பத்து மீட்டருக்கு மேல் விட்டம். நாத்பாவில் ஆற்றை மறித்து, மலைக்குள்ளேயே கொண்டுபோய் ஜாக்ரியில் விடுவது. இடையில் வெந்நீர் ஊற்றுப் பாறை வந்தது. வெளியே பனி, உள்ளே வியர்வை. ஆட்கள் பாதி ஷிப்ட்டில் வெளியே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அப்போது எங்களுக்கு அது பெரிய சாதனை. இப்போதும் அந்த மின்சாரம் வட இந்தியாவில் எத்தனையோ வீடுகளில் எரிகிறது, அதற்காக வெட்கப்பட மாட்டேன்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மேல் கிராமங்களில் "எங்கள் ஊற்று வற்றிவிட்டது" என்று வந்து சொன்னபோது, நாங்கள் "அதற்கும் சுரங்கத்துக்கும் சம்பந்தம் இல்லை" என்று எழுதிக் கொடுத்தோம். சம்பந்தம் இல்லை என்று எங்களுக்குத் தெரியாது. சம்பந்தம் உண்டு என்று நிரூபிக்க அவர்களிடம் கருவி இல்லை, அவ்வளவுதான். ஒரு கிழவர் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் காய்ந்த தொட்டியைக் காட்டினார். இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

கல்லும்மண்ணும்:

இந்த நேர்மைக்கு நன்றி சார். ஊசிஇலைக்கு ஒரு வார்த்தை: எல்லாச் சரிவுக்கும் அணையே காரணம் என்று சொல்ல முடியாது. பட்சேரியில் விழுந்தது மேலே விரிசல் விட்டிருந்த பாறை. ரோட்டை அகலப்படுத்த அடிவாரத்தை வெட்டுவது, வெடி வைப்பது, வெட்டிய மண்ணை ஆற்றோரம் கொட்டுவது என்று பல கை சேர்ந்த வேலை. ஆனால் ஊர்க்காரர்களைக் கேட்காமல் செய்தது தவறு, அதில் மறு பேச்சில்லை. லிப்பா கிராமத்துக்காரர்கள் வழக்காடி, 2016-ல் பசுமைத் தீர்ப்பாயம் காஷங் நீர்மின் திட்டத்தை கிராம சபை முன் வைக்கச் சொன்னது. வன உரிமைச் சட்டம் காகிதத்தில் இருந்து இறங்கி வந்த அபூர்வமான சந்தர்ப்பம் அது.

குழித்தறி:

அணையும் பாறையும் போதும், மனிதர்களைப் பற்றியும் யாராவது பேசுங்கள். நான் சென்னிமலை. கைத்தறிக் கூட்டுறவு ஒன்றில் வேலை பார்த்தபோது ஒரு பயிற்சிக்காகக் கின்னௌர் போய் மூன்று வாரம் தங்கினேன்.

கின்னௌரி சால்வைக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஓரத்தில் வருகிற அந்தக் கட்டம் கட்டமான வேலைப்பாடு அச்சும் இல்லை, எம்ப்ராய்டரியும் இல்லை. ஊடைநூலோடு கூடுதல் நூலைக் கையாலேயே கோத்துக் கோத்து நெய்வது. நம் ஊரில் புட்டா போடுகிற மாதிரிதான், ஆனால் கம்பளி நூலில், ஒரு அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் என்கிற கணக்கில். நல்ல சால்வை ஒன்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். ரோட்டோரக் கடையில் 800 ரூபாய்க்குக் கிடைப்பது மெஷினில் வந்தது. வாங்குவது உங்கள் இஷ்டம், ஆனால் கின்னௌரி என்று நினைத்து வாங்காதீர்கள்.

யார் நெய்கிறார்கள் என்று பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. 'மலைவாழ் மக்கள்' என்று நாம் மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம். அங்கேயும் சாதி இருக்கிறது. நிலம் வைத்திருக்கும் கோசியா குடும்பங்கள் ஒரு பக்கம். நெய்கிற கோலி, மர வேலை, இரும்பு வேலை செய்கிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு தரப்பும் வீட்டில் பேசுகிற மொழியே வேறு. நிலக்காரர்கள் பேசும் கின்னௌரி, திபெத்திய பர்மிய மொழிக் குடும்பம். கைவினைக்காரர்கள் பேசுவது இந்திக்குப் பங்காளியான ஒரு பஹாடி மொழி. ஒரே ஊர், இரண்டு மொழிக் குடும்பம்! மேலே நாகோ, சாங்கோ பக்கம் போனால் பேச்சே திபெத்திய மொழிக்கு நெருங்கிவிடும்.

சமயமும் அப்படித்தான். கீழே ஊர்த் தேவதைகள், மேலே புத்த மடங்கள், நடுவில் இரண்டும் கலந்து. பூஜைக்கு லாமாவையும் கூப்பிடுவார்கள், தேவதையையும் பல்லக்கில் தூக்கி வருவார்கள். பல்லக்கு ஆடும் ஆட்டத்தைப் பார்த்துத் தேவதை சம்மதித்ததா இல்லையா என்று முடிவு. தேவதையின் வாக்கைச் சொல்கிறவருக்கு குரோக்ச் என்று பெயர். நம்ம ஊர்ச் சாமியாடி நினைவு வந்து எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வீட்டு ஏக்கமும் வந்தது.

மூன்றாம்படி:

எல்லோருக்கும் நன்றி. குழித்தறி அக்கா, பெண்கள் நிலைமை அங்கே எப்படி? பல கணவர் வழக்கம் என்றெல்லாம் நெட்டில் கண்டபடி எழுதியிருக்கிறார்கள்.

குழித்தறி:

அண்ணன் தம்பிகள் ஒரே பெண்ணை மணப்பது ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. இருக்கிற துண்டு நிலம் பாகம் பிரியாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அடிப்படைக் கணக்கு. இப்போது ஆப்பிள் காசு, சர்க்கார் வேலை, படிப்பு எல்லாம் வந்தபின் அநேகமாக மறைந்துவிட்டது. தயவுசெய்து அங்கே போய் யாரிடமும் அதைக் கேட்காதீர்கள். என் கண் முன்னால் ஒரு யூடியூபர் கேட்டு, டீக்கடைக்காரம்மா கையில் இருந்த கரண்டியோடு எழுந்து வந்துவிட்டார்.

கேட்க வேண்டியது வேறு ஒன்று. அங்கே பெண்களுக்குக் குடும்பச் சொத்தில் பங்கு கிடையாது. 1926-ல் எழுதி வைத்த வாஜிப் உல் அர்ஸ் என்ற வழக்காற்றுப் பதிவு அப்படிச் சொல்கிறது. பழங்குடியினருக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் தானாகப் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. அதை எதிர்த்து அங்கத்துப் பெண்கள் வருஷக்கணக்காகப் போராடுகிறார்கள். நான் தங்கிய வீட்டு அக்காவுக்கு நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. தோட்டம் முழுக்க அவர் உழைப்பு, பட்டா முழுக்கத் தம்பி பெயர். "அவன் நல்லவன்தான், அவன் மனைவி வரட்டும் பார்க்கலாம்" என்றார். சொல்லிவிட்டுப் பாதாம் உடைத்துக் கொடுத்தார்.

சிராங்கூன்வாசி:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். எனக்கும் போக ஆசை. அனுமதிச் சீட்டு வேண்டுமா?

பழைய ஹெல்மெட்:

இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் இந்த ரோட்டில் சும்மா போகலாம், அடையாள அட்டை போதும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால், ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், பியோவுக்கு மேலே ஜங்கிப் பக்கம் தொடங்கி சும்டோ வரையுள்ள பகுதிக்குச் சீட்டு வேண்டும். ரெக்காங் பியோவில் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் வாங்கலாம். சனி, ஞாயிறு போய் நிற்காதீர்கள். சாங்லா, சித்குல், கல்பாவுக்கு அது தேவையில்லை.

கிக்கர்350:

சித்குல்தான் இந்தியாவின் கடைசி கிராமம், அதை விட்டுவிடாதீர்கள். "இந்தியாவின் கடைசி தாபா" போர்டு முன் போட்டோ மஸ்ட்.

ஊசிஇலை:

கடைசி கிராமம் என்ற பட்டத்துக்கு மானா, சித்குல் என்று வரிசையில் நிற்கிறார்கள். இப்போது அரசாங்கம் எல்லாவற்றையும் "முதல் கிராமம்" என்று மாற்றிச் சொல்லச் சொல்கிறது. 2023-ல் வந்த எல்லைக் கிராமத் திட்டத்தில் கின்னௌரும் உண்டு. போர்டைத் திருப்பி எழுதினால் ஊர் இடம் மாறிவிடுமா?

பழைய ஹெல்மெட்:

சித்குலுக்கு அப்பால் ரோடு இந்தோ திபெத் எல்லைக் காவல்படையின் முகாம் வரை போகிறது, பொதுமக்களை விடமாட்டார்கள். அந்த அர்த்தத்தில் கடைசிதான். ஆனால் நான் பழகிய ஊர்க்காரர்கள் யாருக்கும் தாங்கள் கடைசியில் இருக்கிறோம் என்ற எண்ணமே கிடையாது. திபெத்தோடு வியாபாரம் நடந்த காலத்தில் அது நடு வழி. ஷிப்கி கணவாய் 1954 ஒப்பந்தத்திலேயே பெயர் குறிப்பிட்ட வாசல்களில் ஒன்று. கம்பளி, உப்பு, வெல்லம், தானியம் என்று ஆட்டு முதுகிலும் கழுதை முதுகிலும் போய் வந்தது. 1962-ல் நின்றது, 1990-களில் திறந்தார்கள், 2020-ல் மறுபடி நின்றது. 2025 ஜூனில் இந்தியச் சுற்றுலாப் பயணிகள் கணவாய் வரை போக வழி செய்தார்கள். போவதற்கு முன் பியோவில் விசாரித்துக்கொள்ளுங்கள், விதிகள் அடிக்கடி மாறும்.

இன்னொன்று. 1827 முதல் 1830 வரை கானம் என்ற கிராமத்து மடத்தில் ஹங்கேரிக்காரர் ஒருவர் உட்கார்ந்து திபெத்திய அகராதி எழுதினார். சோமா தி கோரோஸ் என்று பெயர். கல்கத்தாவில் 1834-ல் அச்சானது. கடைசி கிராமம் என்று நினைத்திருந்தால் அவர் வந்திருப்பாரா?

அகராதிப்பித்து:

கானம் தகவலுக்கு நன்றி! ஒரு சந்தேகம். நம் பழைய நூல்களில் வரும் இசை பாடும் கின்னரர் இவர்கள்தானா?

குழித்தறி:

அவர்களே பெருமையாக அப்படிச் சொல்லிக்கொள்வதுண்டு. நிரூபணம் கேட்டால் யாரிடமும் இல்லை. ஆனால் இந்தியில் இப்போது 'கின்னர்' என்றால் திருநங்கை என்று பொருளாகிவிட்டதால், ஊர்ப்பெயர் சொன்னாலே டில்லியில் சிரிக்கிறார்கள் என்று கல்லூரிப் பிள்ளைகள் வருத்தப்பட்டார்கள். பாட்டு மட்டும் உண்மை. செப்டம்பரில் பூத்திருவிழா நடக்கும், உக்யாங் என்பார்கள். மேலே மலைக்குப் போய்ப் பூப் பறித்து வந்து, அந்த வருஷம் இறந்தவர்களை நினைத்துக்கொண்டு கை கோத்து ஆடுவார்கள். ஊருக்கு ஊர் தேதி மாறும்.

மூன்றாம்படி:

முடிவு செய்துவிட்டேன். ஸ்பிதி இல்லை. டிராவல்ஸும் இல்லை. சிம்லா ஒன்று, சராஹன் ஒன்று, சாங்லா மூன்று, கல்பா மூன்று, மீதி காலி. அரசு பஸ். அம்மாவுக்குச் சொன்னேன், "சரி, உட்காரலாம்" என்றார்.

வீட்டுவைத்தியர்:

கல்பா 2,900 மீட்டரை ஒட்டி, சித்குல் 3,450. படிப்படியாக ஏறுகிறீர்கள், நல்லது. அம்மாவின் மருத்துவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். மாத்திரையும் குளுக்கோமீட்டரும் கைப்பையில் இருக்கட்டும், பஸ் மேல் போட்ட பெட்டியில் வேண்டாம். பாக்கெட்டில் நாலு சாக்லேட். ரோடு அடைபட்டால் சாப்பாட்டு நேரம் தவறும், சர்க்கரைக்காரர்களுக்கு உயரத்தைவிட அதுதான் தொல்லை.

(இரண்டு மாதம் கழித்து)

மூன்றாம்படி:

போய்விட்டு வந்து ஒரு மாதம் ஆகிறது. எழுதச் சோம்பல். ஹெல்மெட் சார் தனி மடலில் இரண்டு முறை விசாரித்துவிட்டார், இனியும் தள்ளக் கூடாது.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்பாவில் ஆன்லைனில் பதிவு செய்திருந்த விடுதியில், எதிரே இருக்கும் கின்னர் கைலாச மலையின் சிவலிங்கப் பாறை தெரியும் அறை என்று காசு வாங்கிவிட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியும் அறையைக் கொடுத்தார்கள். கேட்டால், "தொட்டிக்குப் பின்னால் கைலாசம்தான் மேடம்" என்கிறார்கள். ஒரு ராத்திரி தங்கிவிட்டு, மறுநாள் பக்கத்தில் ஒரு வீட்டில் அறை எடுத்தோம். அதுவே நல்லதாகப் போயிற்று.

சராஹனிலிருந்து இறங்கி ஜியோரியில் பஸ் பிடித்தோம். தாராண்டாவில் வண்டி நின்றது, எல்லோரும் இறங்கினோம், அம்மா பையிலிருந்து விபூதி எடுத்து டிரைவருக்கும் பூசிவிட்டார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியைச் சரிசெய்து நெற்றியைப் பார்த்துக்கொண்டார். நிகுல்சரி தாண்டும்போது பஸ்ஸே பேச்சு நின்றுபோய் அமைதியானது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை, தானாக நின்றது. என் பக்கத்தில் இருந்த பெண் கண்ணை மூடிக்கொண்டாள்.

டாப்ரிக்குக் கொஞ்சம் முன்னால் கல் விழுந்து ரோடு அடைபட்டது. ஐந்தரை மணி நேரம். முன்னாலும் பின்னாலும் ஆப்பிள் லாரிகள். முதல் ஒரு மணி நேரம் நான் போனைப் பார்ப்பதும் மலையைப் பார்ப்பதுமாக இருந்தேன். அம்மா இறங்கிப்போய் ஒரு கல்லில் உட்கார்ந்து, லாரிக்காரர் ஒருவரோடு பேச ஆரம்பித்துவிட்டார். அம்மாவுக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. பெட்டியை உடைத்து ஆளுக்கொரு ஆப்பிள் கொடுத்தார். கடித்தால் சாறு முழங்கை வரை வழிகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கத் தோட்டத்திலிருந்து கம்பியில் தொங்கும் தொட்டியில் ஆப்பிள் பெட்டிகள் இந்தக் கரைக்கு வந்துகொண்டிருந்தன. ஜூலா என்கிறார்கள். ஒரு பெட்டி பாதி வழியில் நின்றுவிட்டது, எல்லோரும் கவலையாகப் பார்த்தோம். அது கிளம்பியதும் கை தட்டினோம். எங்கள் ரோடு திறந்தபோதுகூட யாரும் கை தட்டவில்லை.

சாங்லாவில் மூன்று நாளில் காம்ரு கோட்டைக்கு இரண்டு தரம் போனோம். புஷஹர் அரசர்களின் பழைய இருப்பிடம். மரமும் கல்லும் மாற்றி மாற்றி அடுக்கிய கோபுரம். உள்ளே போகத் தலையில் கின்னௌரித் தொப்பி, இடுப்பில் கச்சைக் கயிறு கட்டவேண்டும், அங்கேயே தருகிறார்கள். பச்சை மடிப்பு வைத்த தொப்பியில் அம்மா போட்டோ எடுக்க விடவில்லை. ஆனால் கழற்றவும் மனமில்லாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். சித்குலுக்கு ஒரு நாள் போய்த் திரும்பினோம். கிக்கர் தம்பி, போர்டு முன்னால் வரிசை நின்றது, நாங்கள் நிற்கவில்லை.

கல்பாவில் அந்த வீட்டம்மா பெயரைக் கேட்டால் நேகி என்றார், பக்கத்து வீட்டிலும் நேகி, கடையிலும் நேகி. சுதந்திர இந்தியாவில் முதல் ஓட்டுப் போட்ட ஷியாம் சரண் நேகியும் இந்த ஊர் ஆசிரியர்தானாம். பனிக்காலத்தில் வழி அடைத்துவிடும் என்பதால் 1951 அக்டோபர் 25-லேயே இங்கே தேர்தல் வைத்துவிட்டார்கள். நாட்டின் பெரும்பகுதி அடுத்த வருஷம்தான் ஓட்டுப் போட்டது. 2022 நவம்பரில் தபால் ஓட்டுப் போட்டுவிட்டு, மூன்று நாளில் 105 வயதில் காலமானார். வீட்டம்மா இதைச் சொந்தத் தாத்தா கதை மாதிரி சொன்னார்.

எங்கள் நல்ல நேரம், நியோஜா இறக்கும் பருவம். சில்கோசா என்று கடையில் விற்கிறதே, அந்தப் பைன் கொட்டை. கம்பு வைத்து மரத்திலிருந்து காயைத் தட்டுகிறார்கள், காய்க்கு உள்ளேயிருந்து விதை எடுக்க வேண்டும், கை முழுக்கப் பிசின். முற்றத்தில் ஒரு குவியல். வீட்டம்மாவும் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு மத்தியானம் உரித்தார்கள். வேப்பமுத்துப் பொறுக்கின கை, பழகிவிட்டது என்றார் அம்மா. எதிரே கின்னர் கைலாசம் நிறம் மாறிக்கொண்டிருந்தது. நான் போட்டோ எடுத்தேன், அவர்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவே இல்லை.

கடைசி ஒரு நாள் டாக்ஸியில் காப் வரை போனோம். பூவுக்கு அப்பால் உண்மையிலேயே ஒரு பச்சை இல்லை. இரண்டு ஆறும் இரண்டு நிறத்தில் வந்து சேர்ந்து, கொஞ்ச தூரம் ஒட்டாமலே போகிறது. நாகோ ஏறலாமா என்று டிரைவர் கேட்டார். மேலே கல் விழுவதாகச் சொன்னார்கள். "பார்த்தது போதும்பா" என்றார் அம்மா, திரும்பிவிட்டோம்.

குழித்தறி அக்கா, சால்வை வாங்கவில்லை. நெய்கிறவர் ஒருவர் வீட்டுக்குப் போனோம், விலையைக் கேட்டோம், நியாயமான விலைதான், என் பட்ஜெட்டில் இல்லை. அம்மா தறியை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

பழைய ஹெல்மெட்:

படித்துவிட்டு வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன் அம்மா. டாப்ரியில் பாலத்துக்குப் பக்கம் டீக்கடைகள் இன்னும் இருக்கின்றனவா? இரவு ஷிப்ட் முடிந்து அங்கேதான் போவோம்.

நியோஜா வாங்கி வந்திருந்தால் வெளியே வைக்காதீர்கள். எண்ணெய் அதிகம், நம் ஊர்ச் சூட்டில் காறல் அடித்துவிடும். ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

மூன்றாம்படி:

டீக்கடை இருக்கிறது சார், ரோடு அடைபட்ட அன்றைக்கு ராத்திரி அங்கேதான் சாப்பிட்டோம். நியோஜா ஒரு கிலோ கொடுத்துவிட்டார், காசு வாங்கவில்லை. ஃப்ரிட்ஜுக்கெல்லாம் அவசியம் இருக்கவில்லை. சண்டிகர் வருவதற்குள் பாதி, மீதி தெருவில் எல்லோருக்கும் கொடுத்து அம்மா தீர்த்துவிட்டார். பையின் மூலையில் நாலைந்து கிடந்தது, நேற்று உரித்துத் தின்றேன்.